வைக்கோலுக்குள் ஒரு விளைச்சல்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலக் குளிர்காலத்தில் வெப்பநிலை −20 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே ஸ்ட்ராபெரிச் செடியின் உயிர், வேருக்கும் இலைக்கும் இடையே மண்ணையொட்டி நிற்கும் குறுந்தண்டில் ஒடுங்கியிருக்கிறது. அடுத்த கோடையின் கனிக்குரிய மொட்டுகள் இலையுதிர்காலத்திலேயே அதனுள் உருவாகிவிடுகின்றன. அக்குறுந்தண்டோ −9 பாகையை ஒட்டியே சேதமுறத் தொடங்கும். மற்றொரு பகையும் உண்டு. நிலம் மாறிமாறி உறைந்து உருகும்போது மண் விம்மிச் செடியை மேலே தள்ள, வேர்கள் அறுபடுகின்றன.

எனவே உழவர் 10 முதல் 15 செ.மீ. உயரத்திற்குக் கோதுமை வைக்கோலை மூடாக்காகப் பரப்புவர். மூடும் நாளை அறிவதே அரிது. முந்தி மூடினால் செடி குளிருக்குப் பழகாது. பிந்தினால் குறுந்தண்டு கருகும். உறைபனி இரவுகள் சிலவற்றைத் தாங்கவிட்டு மூடுவது வழக்கம். அதன்மேல் வெண்பனி பொழிந்து தங்குமாயின் நன்று; குளிருக்குப் பனியே போர்வையாவது வியப்புத்தான்!

இளவேனிலில் புதுத்தளிர் கண்டதும் வைக்கோலை விலக்கி வரிசைகளின் இடையே ஒதுக்குவர், வயலைவிட்டு அகற்றுவதில்லை. மலர்ந்த பூ சுழியத்திற்குச் சற்றே கீழான குளிரிலும் கருகிவிடும். ஆதலின், உறைபனியை எதிர்நோக்கும் மாலைகளில் அவ்வைக்கோலே மீண்டும் செடிமேல் ஏறும்.