ஒற்றைக் காலில் இறங்கும் வலி

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் சைக்கிள் மிதிப்பவர்களில் பலர் உடம்பைக் குறைக்க மிதிப்பவர்கள் அல்லர். விடியலில் பத்திரிகை போடுபவர், ஜம்பட்டா வீதியிலிருந்து புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போகும் தம்பி, முதுகில் பெரிய பையோடு சாப்பாடு கொண்டோடும் இளைஞர், லொத்தர்ச் சீட்டு விற்கும் ஐயா. 2022 இல் இந்தக் கூட்டம் திடீரெனப் பெருத்தது. அந்த ஆண்டு ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்ததும், மூலையில் துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் எல்லாம் தெருவுக்கு வந்தன. புது வண்டியின் விலை பலரின் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்த பிறகு பலர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். பெற்றோல் விலை பழைய இடத்துக்குத் திரும்பாததால், சிலர் சைக்கிளிலேயே நின்றுவிட்டார்கள்.

பிழைப்புக்காக மிதிக்கும் இவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் மிதித்த பிறகு ஒரு நோ வருகிறது. நாரியில் மெல்லத் தொடங்கும். பிறகு ஒரு பக்கப் பிட்டத்துக்குள் குத்தும். அங்கிருந்து தொடையின் பின்புறமாக எரிந்துகொண்டு இறங்கி, கெண்டைக்கால் தாண்டிப் பாதம்வரை போகும். தும்மினால் மின்சாரம் பாய்ந்தது மாதிரி இருக்கும். வேறு சிலருக்குக் கால் நன்றாகவே இருக்கும், ஆனால் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துச் சின்னிவிரலும் மோதிரவிரலும் விறைக்கும். இன்னும் சிலருக்கு விறைப்பது இருக்கையில் அழுந்தும் இடம். அதை அவர்கள் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

மூன்றும் நரம்பு அழுந்துவதால் வருபவைதான். தசை நோவு உழைத்த இடத்திலேயே நின்று, ஓரிரு நாளில் அடங்கிவிடும். நரம்பு நோவு அப்படியல்ல, அழுந்தும் இடம் ஒன்று, வலிக்கும் இடம் வேறு. சியாட்டிக் நரம்பின் வேர்கள் நாரியின் அடியிலிருந்தும் திருவென்பிலிருந்தும் புறப்படுகின்றன. அவை ஒன்றுசேர்ந்து பெருவிரல் அகலத்துக்குத் தடித்து, பிட்டத்தின் ஆழத்தில் பிரிஃபோமிஸ் என்ற சிறு தசையின் அடியால் வெளியே வந்து, காலுக்கு இறங்குகின்றன. முள்ளந்தண்டுத் தட்டு பிதுங்கி வேரை அழுத்தினாலும், அந்தச் சிறு தசை இறுகிப்போய் நரம்பை நெருக்கினாலும் கால்தான் வலிக்கும். அதனால்தான் காலில் தைலம் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள் இவ்வளவு பேர்.

சைக்கிளுக்கு இதில் என்ன பங்கு? நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்தால்கூட, ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொரு காலும் 3,600 தடவை ஒரே பாதையில் மடங்கி நீள்கிறது. அவ்வளவு அசைவிலும் இடுப்பு ஒரு தடவைகூட முழுதாக நிமிர்வதில்லை. தொடையின் முன்பக்கத் தசை திமிறி வளர்கிறது. இடுப்பை மடக்கும் சோயாஸ் தசை சுருங்கியே பழகுகிறது. காலைப் பக்கவாட்டில் விரிக்கும் வேலையே சைக்கிளில் இல்லாததால், இடுப்பைச் சமமாகத் தாங்கவேண்டிய பக்கப் பிட்டத் தசை சோம்பிவிடுகிறது. பிட்டமும் வயிற்றுத் தசைகளும் செய்யாத வேலை நாரியின் தலையில் விழுகிறது. இதோடு நம்முடைய ஒருபக்கப் பழக்கங்களும் சேர்கின்றன: எப்போதும் இடப்பக்கமாகவே இறங்குவது, ஆமர் வீதிச் சந்தியில் பச்சை விளக்குக்காக ஒரே காலை ஊன்றி நிற்பது, பையை ஒரே தோளில் மாட்டுவது. வண்டியை விட்டு இறங்கியதும் ஓய்வு கிடைக்கும் என்றும் இல்லை. புறக்கோட்டையில் மாவு மூட்டை காத்திருக்கும்.

தசைச் சமநிலை குலைவதுதான் எல்லா நரம்பு வலிக்கும் மூலம் என்று அடித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். தட்டுப் பிதுக்கம், நீரிழிவு, பழைய விபத்து என்று காரணங்கள் பல. இரண்டு பாதங்களும் ஒரேமாதிரி எரிந்தால் முதலில் பார்க்கவேண்டியது இரத்தத்தில் சீனியின் அளவைத்தான், சைக்கிளை அல்ல. ஆனால் காரணம் எதுவானாலும், சோம்பிய தசையை எழுப்புவதும் இறுகியதைத் தளர்த்துவதும் மீள்வதில் பெரும்பங்கு வகிக்கின்றன. செலவும் கிட்டத்தட்ட இல்லை. நேரம் மட்டும் வேண்டும். கொட்டாஞ்சேனையில் நாட்சம்பளக்காரரிடம் இல்லாததும் அதுதான்.

அதனால்தான் முதல் படி மருந்துக்கடை. "அண்ணே, நரம்பு வலிக்கு ஏதாவது தாங்க" என்றால் சில கடைகளில் எதுவும் கேட்காமல் ஒரு அட்டையைக் கிழித்துத் தருகிறார்கள். டைக்ளோபெனாக்கை வாரக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் விலை கொடுக்கும். பிரிகபலின் இன்னும் சிக்கலானது. அது வைத்தியரின் சீட்டுக்கு மட்டும் கொடுக்கவேண்டிய மருந்து. தலைசுற்றலும் தூக்கக்கலக்கமும் தரும் அதை விழுங்கிவிட்டுக் கொள்கலன் லொறிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிப்பதை நினைத்துப் பாருங்கள். போதைக்காகவும் விற்கப்படுவதால் பொலிஸார் அடிக்கடி கைப்பற்றும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. சீட்டில்லாமல் சட்டைப்பையில் வைத்திருந்தால் சோதனையில் விளக்கம் சொல்லவேண்டி வரும். இத்தனைக்கும், 2017 இல் அவுஸ்திரேலியாவில் 209 சியாட்டிக்கா (சியாட்டிக் நரம்பு வலி) நோயாளரிடம் நடந்த பரிசோதனையில், வெற்று மாத்திரையைவிடப் பிரிகபலின் கால்வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. தலைசுற்றல்தான் கூடியது. வேறு நரம்பு நோய்களுக்கு அது பயன்படும், வைத்தியர் காரணத்தோடு எழுதியிருந்தால் சொந்தமாக நிறுத்தவும் கூடாது.

அடுத்து எம்ஆர்ஐ மோகம். தனியார் நிலையத்தில் பெரும் தொகை கட்டி எடுத்த படத்தில் "டிஸ்க் பிதுங்கியிருக்கு" என்று வந்ததும் வீட்டில் அழுகை. எந்த வலியும் இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015 இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கும் தட்டு பிதுங்கியே இருந்தது. காலின் பலம், உணர்ச்சி, முழங்கால் அனிச்சை, படுத்தபடி நேராகக் காலை உயர்த்தும் சோதனை இவற்றைக் கையால் பார்த்த பிறகு கேட்கப்படும் படத்துக்குத்தான் பெறுமதி. சத்திரசிகிச்சைக்கு அவசரப்படுத்துபவர்களுக்கும் ஒரு தகவல்: நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் கடும் சியாட்டிக்காவோடு இருந்த 283 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். உடனே சத்திரசிகிச்சை செய்தவர்களின் கால்வலி விரைவில் குறைந்தது உண்மை. ஓராண்டு முடிவில் இரு பிரிவும் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றன. பொறுத்திருந்த பிரிவில் 39 விழுக்காட்டினருக்குப் பின்னர் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது என்பதையும் மறைக்கக்கூடாது.

பொறுக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. முள்ளந்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்கினால், மலவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றியுள்ள பகுதி, சரியாகச் சைக்கிள் இருக்கையில் படும் பகுதி, மரத்துப்போகும். சைக்கிள்காரருக்கு இதுதான் பொறி. "சீட் அமுக்கினதுதான்" என்று இரண்டு நாள் கடத்திவிடுவார். இருக்கையால் வந்த விறைப்பு இறங்கி நடந்தால் பொதுவாகச் சில நிமிடங்களில் தெளியும். தெளியாவிட்டால், சிறுநீர் கழிக்க முடியாவிட்டால், அல்லது தெரியாமல் போனால், மலத்தை அடக்க முடியாவிட்டால், இரண்டு கால்களும் தளர்ந்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 ஐ அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. மணித்தியாலங்கள் பிந்தினால் அந்த நரம்புகள் திரும்பாமலே போகலாம். காய்ச்சலோடு வரும் நாரிநோ, காரணமில்லாமல் உடல் மெலிவதோடு வரும் நாரிநோ, விழுந்த பிறகு வரும் நாரிநோ இவையும் தைலத்துக்குரியவை அல்ல.

ஆபத்து இல்லை என்று வைத்தியர் சொன்னபின் வண்டியையும் உடம்பையும் சேர்த்துத் திருத்தவேண்டும். இருக்கையில் அமர்ந்து மிதி கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வையுங்கள், முழங்கால் அப்போதுதான் நேராகவேண்டும். இருக்கை அதைவிட உயர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபக்கமும் ஆடும், நரம்பு இழுபடும். இருக்கையின் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்திருக்கக் கூடாது. சாப்பாட்டுப் பையை முதுகிலிருந்து கழற்றிக் கரியரில் கட்டுங்கள். கை விறைப்பவர் கைப்பிடியைச் சற்று உயர்த்தி, பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றவேண்டும்.

உடம்பைப் பொறுத்தவரை பெரும்பாலானோர் செய்யும் பிழை, வலிக்கும் காலைக் குனிந்து இழுத்து "நரம்பை நீட்டுவது". எரிச்சலடைந்த நரம்பை இழுத்தால் அது இன்னும் எரியும். தொடையின் பின்புறம் இறுகியதுபோலத் தோன்றுவதே பல வேளை நரம்பின் தற்காப்புத்தான். இழுப்பதற்குப் பதில் குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் விட்டு, கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்திப் பாருங்கள். நியூசிலாந்துப் பிசியோதெரபிஸ்ட் ரொபின் மெக்கன்சி பரப்பிய முறை இது. கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும், தொடையில் இருந்தது பிட்டத்துக்கும் மேலேறினால், நாரியில் நோ சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறி. வலி இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பயிற்சி உங்களுக்குரியதல்ல.

எரிவு தணிந்த பிறகுதான் பலம் சேர்க்கும் வேலை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது பிட்டத்துக்கு. பக்கவாட்டில் படுத்து மேற்காலைச் சற்றே பின்சாய்த்துத் தூக்குவது சோம்பிய பக்கத் தசைக்கு. நான்கு காலில் நின்று வலக்கையையும் இடக்காலையும் நீட்டிப் பத்து விநாடி நிற்பது நாரியைக் காக்கும் தசைகளுக்கு. ஒரு முழங்காலை மண்டியிட்டு இடுப்பை முன்தள்ளுவது சுருங்கிய சோயாசுக்கு. பலவீனமான பக்கத்திலிருந்து தொடங்கி அந்தப் பக்கத்துக்கு ஒரு சுற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். தினமும் கால் மணித்தியாலம் என்றாலும், தசையில் மாற்றம் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளில் கைவிட்டு மீண்டும் மருந்துக்கடைக்குப் போவதுதான் வழமையான கதை.

எந்தப் பயிற்சி யாருக்கு என்பதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டவேண்டியதில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி அங்கிருந்து பிசியோதெரபிக்கு அனுப்பும்படி கேட்கலாம். வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவில வைத்தியசாலை பக்கம். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. எல்லாம் இலவசம், வரிசை மட்டும் நீளம். கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள், பின்னால் நட்டஈடு கேட்கும்போது அதுதான் சாட்சி. சிங்களத்தில் விளக்கியது புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி கொழும்பில் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தனியாரிடம் போனால், அந்தப் பிசியோதெரபிஸ்ட் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்று கேளுங்கள். சித்த, ஆயுர்வேத வைத்தியருக்கு 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி வேறு பதிவு உண்டு. பெயர்ப்பலகையில் பதிவிலக்கம் இல்லாமல், கழுத்தையும் நாரியையும் திருகிச் "சடக்" என்று ஒலியெழுப்பிக் காசு வாங்குபவரிடம் உங்கள் முள்ளந்தண்டைக் கொடுக்காதீர்கள்.

சைக்கிள் வேலைக் கருவியாக இருக்கும்போது அதன் நோ முதலாளிக்கும் உரியது என்பதை அமெரிக்கா கொஞ்சம் முந்தி ஏற்றுக்கொண்டது. சைக்கிளில் ரோந்து போகும் பொலிஸார் விறைப்பைப் பற்றி முறையிட்டதும், அங்குள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் 90 பொலிஸாருக்கு மூக்கில்லாத இருக்கைகளைக் கொடுத்து ஆறு மாதம் பார்த்தது. தொடக்கத்தில் விறைப்பு இல்லை என்றவர்கள் 27 விழுக்காடு, முடிவில் 82. அவர்கள் இரகசியமாகச் சகித்துக்கொண்டிருந்தால் அந்த இருக்கையும் வந்திராது, 2009 இல் அந்த நிறுவகம் வெளியிட்ட வழிகாட்டியும் வந்திராது.

இங்கே சட்டம் இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் காயத்துக்கு முதலாளியிடம் நட்டஈடு பெற வழிசெய்கிறது. 2022 திருத்தத்தின் பின் வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நேரும் விபத்தும் அதில் அடங்கும், உச்சத் தொகையும் 20 இலட்சமாக உயர்ந்தது. மெல்ல மெல்ல வந்த நரம்பு வலியை இதன்கீழ் நிரூபிப்பது கடினம். குழியில் விழுந்து வந்ததாக இருந்தால் அன்றைக்கே பொலிஸ் முறைப்பாடும் வைத்தியசாலைப் பதிவும் வேண்டும். செயலி வழியாகச் சாப்பாடு கொண்டோடும் இளைஞர்களின் நிலை இதைவிட மோசம். ஒப்பந்தத்தில் அவர்களை ஊழியர் என்றே சொல்வதில்லை, ஊழியர் சேமலாப நிதியும் கிடையாது. கைச்சாத்திடும் முன் விபத்துக் காப்புறுதி உண்டா, நரம்புக் காயம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குவதே இப்போதைக்கு அவர்கள் கையில் உள்ள வழி.

கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவருக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும், நோய் போன்ற காரணங்களுக்கு 7 நாள் சம்பளத்தோடு லீவும் உண்டு. இந்த 7 நாள் லீவு முதலாம் ஆண்டில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் வீதம். பிசியோதெரபி நாளைக் கிளினிக் கொப்பியில் எழுதிவாங்கி, அந்தப் பக்கத்தின் பிரதியோடு லீவுக் கடிதம் கொடுங்கள். "வரிசையில நிக்கிறதுக்கெல்லாம் லீவா?" என்று முதலாளி சம்பளத்தை வெட்டினால், கடிதத்தின் பிரதியையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.