பழைய அமெரிக்க வாட்ச் வாங்கப் போறீங்களா? டயலை விடுங்க... மூடியைத் திறந்த போட்டோ கேளுங்க!

‘1957 ஹாமில்டன் வென்ச்சுரா. ஒரிஜினல். நல்லா ஓடுது.’

பழைய பொருட்களை ஏலம் விடும் இணையதளங்களில் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால், கை தானாக ‘வாங்கு’ பட்டனுக்குப் போகும். வென்ச்சுரா சாதாரண வாட்ச் இல்லை. உலகில் முதன்முதலாக பேட்டரியில் ஓடி விற்பனைக்கு வந்த கைக்கடிகாரம். முக்கோணம் போன்ற அந்த வடிவத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் ஆர்பிப். 1961-ல் வெளியான ‘புளூ ஹவாய்’ படத்தில் எல்விஸ் பிரெஸ்லி கட்டியிருந்ததும் இதைத்தான்.

ஆனால், அதே பெயரில், அதே வடிவத்தில் ஹாமில்டன் நிறுவனம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து மறுபதிப்புகளையும் விற்கிறது. ‘மென் இன் பிளாக்’ படத்தில் வருவது இந்தப் புதிய வகை. போட்டோவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் மூடிக்குள்ளே இருக்கிறது. 1957-ல் வந்த வாட்சில் இருப்பது ‘500’ என்ற எண் கொண்ட எலெக்ட்ரிக் இயந்திரம். மறுபதிப்பில் இருப்பது குவார்ட்ஸ் அல்லது ஆட்டோமேட்டிக் இயந்திரம். ஒன்றை மற்றொன்று என்று நினைத்து வாங்கினால், பணம் போனது போனதுதான்.

பழைய அமெரிக்க வாட்ச் வாங்குவதில் இருக்கும் மொத்த விஷயமும் இதுதான். டயலில் இருப்பது பெயர். உள்ளே இருப்பதுதான் வாட்ச்.

பெயர் அதே... கம்பெனி அதே இல்லை!

ஒரு காலத்தில் அமெரிக்கா வாட்ச் தயாரிப்பில் கொடிகட்டிப் பறந்தது. 1850-ல் தொடங்கிய வால்தம் நிறுவனம், ஒரு வாட்சின் பாகத்தை இன்னொன்றில் மாற்றிப் பொருத்தும் வகையில் இயந்திரங்களைக் கொண்டு தயாரித்துக் காட்டியது. இல்லினாய்ஸ் மாகாணத்தில் 1864-ல் தொடங்கிய எல்ஜின், சுமார் 6 கோடி வாட்சுகளைத் தயாரித்தது. பென்சில்வேனியாவின் லேன்காஸ்டர் நகரில் 1892-ல் உருவான ஹாமில்டன், ரயில்வே ஊழியர்களின் பாக்கெட் வாட்சுகளால் பேர் வாங்கியது.

பிறகு எல்லாம் மாறியது. வால்தம் 1957-ல் வாட்ச் தயாரிப்பை நிறுத்தியது. எல்ஜினும் ஹாமில்டனும் 1960-களின் இறுதிக்குள் அமெரிக்காவில் தயாரிப்பை முடித்துக்கொண்டன. ஹாமில்டன் இன்று சுவிட்சர்லாந்தின் ஸ்வாட்ச் குழுமத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் 1875-ல் பிறந்த புலோவா, 2008 முதல் ஜப்பானின் சிட்டிசன் கையில். எல்ஜின் என்ற பெயர் விற்கப்பட்டு, பிற்காலத்தில் மலிவான குவார்ட்ஸ் வாட்சுகளிலும் ஒட்டிக்கொண்டது. அதனால் ‘எல்ஜின்’ என்று டயலில் இருந்தால் மட்டும் அது பழைய எல்ஜின் ஆகிவிடாது.

இன்னொரு சங்கதி. பழைய அமெரிக்க வாட்ச் என்றாலே உள்ளே எல்லாம் அமெரிக்கா என்றும் சொல்ல முடியாது. புலோவா, க்ரூயன் நிறுவனங்கள் அந்தக் காலத்திலேயே பெரும்பாலும் சுவிட்சர்லாந்தில் தயாரான இயந்திரங்களைப் பயன்படுத்தின. இது குறை இல்லை. ஆனால், ‘முழுக்க அமெரிக்கத் தயாரிப்பு’ என்று சொல்லி ஒருவர் கூடுதல் விலை கேட்டால், இது தெரிந்திருக்க வேண்டும்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்ஜின், வால்தம், ஹாமில்டன் வாட்சுகளில் பின்மூடியைத் திறந்தால் இயந்திரத்தின் மேல் வரிசை எண் இருக்கும். அமெரிக்க வாட்சுகளுக்கான இணையத் தரவுத்தளங்களில் அந்த எண்ணைப் போட்டால், தோராயமாக எந்த ஆண்டு, என்ன மாடல், எத்தனை ஜூவல்ஸ் என்று வந்துவிடும். இலவசம்தான்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மூடியின் மேல் இருக்கும் எண் வேறு, இயந்திரத்தின் மேல் இருக்கும் எண் வேறு. மூடியோடு சேர்ந்த கேஸை பெரும்பாலும் தனி கம்பெனிகள்தான் தயாரித்தன. கேஸ் எண்ணைப் போட்டுத் தேடினால் தப்பான ஆண்டுதான் கிடைக்கும்.

புலோவாவில் வேலை இன்னும் சுலபம். 1950 முதல் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்தார்கள். ‘எல்’ என்றால் 1950-கள், ‘எம்’ 1960-கள், ‘என்’ 1970-கள். ‘எல்6’ என்று இருந்தால் 1956. ‘எம்8’ என்றால் 1968. இந்தக் குறியீடு கேஸிலும் இருக்கும், இயந்திரத்திலும் இருக்கும். இரண்டும் பல ஆண்டுகள் தள்ளி இருந்தால், யாரோ இரண்டு வாட்சுகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

‘1905 எல்ஜின் ரிஸ்ட்வாட்ச்’ - நம்பலாமா?

பெரிய கேஸ், கண்ணாடி பின்மூடி, உள்ளே அழகான வேலைப்பாடு. பார்க்க அருமையாக இருக்கும். ஆனால், ஆண்கள் கையில் வாட்ச் கட்டுவது பரவலானதே முதல் உலகப் போருக்குப் பிறகுதான். அதன் பின் 1930-கள் முதல் 50-கள் வரை வந்த அமெரிக்க ஆண்கள் வாட்சுகள் பெரும்பாலும் 30 மில்லிமீட்டரை ஒட்டிய அளவுதான். 45 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும் ‘1905 ரிஸ்ட்வாட்ச்’ என்பது பெரும்பாலும் பழைய பாக்கெட் வாட்ச் இயந்திரத்தைப் புதிய கேஸில் போட்டது. இயந்திரம் நிஜமாகவே பழசுதான், வாட்ச் புதுசு. சொல்லி விற்றால் தப்பில்லை. சொல்லாமல் விற்றால்?

14 கேரட்... அடுத்த வார்த்தையையும் படிங்க

‘14 கேரட் கோல்ட்’ என்று விளம்பரம் இருக்கும். கேஸின் உட்பக்கம் பார்த்தால் ‘14 கேரட் கோல்ட் ஃபில்டு’ என்று இருக்கும். அந்த ஒரு வார்த்தையில் விலையே மாறிவிடும். கோல்ட் ஃபில்டு என்பது சாதா உலோகத்தின் மேல் தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டியது. நம்மூர் கவரிங்கை விடத் தங்கம் தடிமனாக இருக்கும்; ஆனால், முழுத் தங்கம் கிடையாது. ‘ரோல்டு கோல்ட் பிளேட்’ என்று இருந்தால் தங்கம் அதைவிட மெல்லிசு. ஸ்ட்ராப் மாட்டும் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். தங்கம் தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் முதலில் எட்டிப்பார்ப்பது அங்கேதான்.

‘17 ஜூவல்ஸ்’ என்று இருப்பதையும் நகைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதாவிலும் இதே 17 ஜூவல்ஸ்தான். சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்க வைக்கும் செயற்கை மாணிக்கக் கற்கள் அவை.

பளபளன்னு இருக்கா? யோசிங்க

70 வயது வாட்சின் டயல் நேற்று வந்ததுபோல் இருந்தால், அது மறுபடி பெயின்ட் அடித்ததாக இருக்கலாம். எழுத்து கோணலாக இருக்கிறதா, நிமிடக் கோடுகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா, அந்த மாடலின் பழைய விளம்பரப் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சேகரிப்பவர்கள் லேசாக மங்கிய ஒரிஜினல் டயலுக்குத்தான் அதிக மதிப்பு தருகிறார்கள்.

எண்களும் முட்களும் இருட்டில் ஒளிரும் வகை என்றால் கூடுதல் கவனம் தேவை. 1960-கள் வரை பல வாட்சுகளில் ரேடியம் பூசினார்கள். நியூஜெர்சியிலும் இல்லினாய்ஸிலும் டயலுக்கு இந்தப் பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் நோயுற்று இறந்தது வரலாறு. ‘இப்போ ஒளிரலையே’ என்று அலட்சியம் கூடாது. ஒளி தரும் பொருள்தான் தீர்ந்திருக்கும். ரேடியத்தின் வீரியம் பாதியாகவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் திறக்கக் கூடாது. பூச்சைச் சுரண்டவே கூடாது. கண்ணாடி உடைந்தது என்றால் வாங்காமல் இருப்பதே நல்லது.

பணம் அனுப்பும் முன்...

விற்பவர் கேட்கும் விலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஏலத் தளங்களில் ‘விற்றுமுடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்த்தால், அதே மாடல் நிஜமாக என்ன விலைக்குப் போனது என்று தெரியும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் கூரியர் கட்டணம், சுங்க வரி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

‘நல்லா ஓடுது’ என்பதும் ‘சர்வீஸ் செய்தது’ என்பதும் ஒன்றல்ல. எண்ணெய் காய்ந்த வாட்சும் சாவி கொடுத்தால் ஓடும். ஓட ஓட உள்ளே தேயும். அதனால் சர்வீஸ் செலவைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. முதல் முறை வாங்குபவர்களுக்கு, தினமும் சாவி கொடுக்கும் சாதாரண 17 ஜூவல்ஸ் வாட்சே போதும். பழைய எலெக்ட்ரிக் வென்ச்சுரா போன்றவற்றுக்குப் பாகம் கிடைப்பதும் கஷ்டம், ரிப்பேர் செய்யத் தெரிந்தவர் கிடைப்பதும் கஷ்டம்.

கடைசியாக, விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் எண் தெரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?” அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம். ‘திறக்க வராது’, ‘நேரம் இல்லை’ என்று இழுத்தால், அடுத்த வாட்சைப் பாருங்கள்.