வெள்ள நிவாரணமும் பயிர் நட்டஈடும்

வெள்ளத்தினாலோ புயலினாலோ வயல் அழிந்தபின் அரசாங்கம் அளிக்கும் உதவியைப் பற்றிக் கமக்காரரிடையே இருவகைத் தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. அழிந்த பயிரின் முழுப் பெறுமதியையும் அரசாங்கம் தந்துவிடும் என்பது ஒன்று. உலருணவைப் பெற்றுக்கொண்டால் வேறெதனையும் கோர இயலாது என்பது மற்றொன்று. முன்னையது கமக்காரரை வீணே காத்திருக்கச் செய்கின்றது. பின்னையது அவருக்கு உரியதை இழக்கச் செய்கின்றது. ஆதலின் உதவிகள் மூவகைப்படும் என்பதை யாவரும் அறிந்திருத்தல் நன்று.

1. அவசர நிவாரணம்

சமைத்த உணவும் உலருணவும் இழந்த பொருளுக்கு விலையாகக் கொடுக்கப்படுவனவல்ல. மக்கள் பசியால் வாடாதிருக்கவே வழங்கப்படுகின்றன. ஆகவே ஐந்து ஏக்கர் இழந்தவரும் கூலிக்கு உழைப்பவரும் குடும்பத்தினரின் தொகைக்கேற்பவே பெறுவர். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் ஆளொருவருக்கு வாரந்தோறும் 375 ரூபா பெறுமதியான உதவி அளிக்கப்பட்டது. அதில் 200 ரூபா பணமாகவும் 175 ரூபா உணவுப்பொருளாகவும் அமைந்தன. இதனைப் பெறுதல் பயிர் நட்டஈட்டைக் கைவிடுதலாகாது.

2. மீள்கட்டுமான உதவி

அக்கடற்கோளில் முற்றாக அழிந்த வீட்டிற்கு 250,000 ரூபாவும், பகுதியளவில் சேதமுற்ற வீட்டிற்கு 100,000 ரூபாவும் ஒதுக்கப்பட்டன. இத்தொகை ஒரே முறையில் கொடுக்கப்படவில்லை. கட்டட வேலை முன்னேறுந்தோறும் தவணைகளாகவே வழங்கப்பட்டது. இத்தகைய உதவியில் முதற்றவணையை வேறு செலவிற்குத் திருப்பினால் அத்திவாரம் எழாது. அத்திவாரம் எழாவிடின் அடுத்த தவணையும் தடைப்படும்.

3. பயிர்க் காப்புறுதி

இலங்கையில் நெற்பயிர்க் காப்புறுதி 1958 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. இன்று 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை இதனை நடாத்துகின்றது. நட்டஈடு சேதத்தின் அளவைப் பொறுத்து, காப்புறுதி செய்த தொகைக்கு உட்பட்டே கிடைக்கும். அறுவடையில் வரக்கூடிய இலாபம் அதில் அடங்காது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

- சேதத்தைத் தாமதியாது கமநல சேவை நிலையத்திற்கு அறிவித்தல் வேண்டும்.
- பரிசோதனை முடியுமுன் வயலை உழுதுவிடலாகாது. சேதத்தை அளப்பதற்கு அழிந்த பயிரே சான்றாகும்.
- வயல் பிறருடையது என்றெண்ணிக் குத்தகைக் கமக்காரர் வாளாவிருத்தல் கூடாது. செய்கை பண்ணுபவராகத் தமது பெயர் காணிப் பதிவேட்டில் உள்ளதா என்பதை விதைப்புக்கு முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.
- கிராம உத்தியோகத்தர் விபரங்களைத் திரட்டி உறுதிப்படுத்துபவர், தொகையைத் தீர்மானிப்பவரல்லர். ஆதலின் அவரோடு பிணங்குவதிற் பயனில்லை. மனக்குறை இருப்பின் பிரதேச செயலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்தலே தக்கது.

நிவாரணம் இன்றைய பசியைத் தணிப்பது. காப்புறுதி அடுத்த போகத்தின் விதைநெல்லுக்கு வழிசெய்வது. ஒன்றை மற்றொன்றென மயங்காத கமக்காரர், வெள்ளம் வடிந்ததும் மீண்டும் வயலில் இறங்க வல்லவராவர்.