கல்லறையில் கத்தரிக்கோல்

ஸ்காட்லாந்தின் பழைய தேவாலய வளாகங்களில் மண்டை ஓடும் குறுக்கெலும்பும் செதுக்கிய கல்லைக் கண்டால், ‘கடற்கொள்ளையனின் கல்லறை’ என்று கதை விடுபவர்கள் உண்டு. நம்ப வேண்டாம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அங்கே போதகருக்கும் வியாபாரிக்கும் விவசாயிக்கும் அதே மண்டை ஓடுதான். ‘நீயும் ஒருநாள் சாவாய்’ என்று வருகிறவர்களுக்குச் சொல்வதே அதன் வேலை. கூடவே மணற்கடிகை, சவப்பெட்டி, குழி வெட்டும் மண்வெட்டி, ஊருக்குச் சாவு சொல்லும் கைமணி.

1560இல் ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் நாடானது. தேவாலயங்களில் இருந்த புனிதர் சிலைகள் போயின. சிலுவையும் உருவ வழிபாட்டின் மிச்சமாகத் தெரிந்தது. உள்ளே புதைக்கும் வழக்கத்தையும் சபை கண்டித்தது. ஆகவே உளியின் வேலை வெளியே, திறந்த வெளிக்கு வந்தது. புனிதரைச் செதுக்கக்கூடாது, எலும்பைச் செதுக்கலாம்! சிறகு முளைத்த ஒரு முகமும் அனுமதிக்கப்பட்டது. அது மேலேறும் ஆன்மா. பெரும்பாலும் கல்லின் உச்சியில் இருக்கும்.

ஆனால் என்னைக் கவர்வது சாவின் சின்னங்கள் அல்ல, தொழிலின் சின்னங்கள். தையல்காரருக்குக் கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும். நெசவாளிக்கு நாடா. உழவருக்குக் கொழு. ரொட்டி சுடுபவருக்கு, அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளும் நீண்ட காம்புப் பலகை. மாவு அரைப்பவருக்கு, ஆலையின் மேல்கல்லைத் தாங்கும் இரும்புத் துண்டு. தெரியாதவர் அதை ஏதோ மந்திரக் குறி என்றே நினைப்பார். சுத்தியலுக்கு மேல் கிரீடம் இருந்தால் கொல்லர். அது அவர்கள் சங்கத்தின் முத்திரை.

எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் வளாகத்தில், 17ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் போர்த்விக்கின் நினைவுச் சின்னத்தில் ஓர் எலும்புக்கூடு ஆடுகிறது. சுற்றிலும் அவருடைய அறுவைக் கருவிகள். காலோவே பகுதியில் உள்ள கெல்ஸ் தேவாலய வளாகத்தில், 1777இல் இறந்த ஒரு வேட்டைக் காவலரின் கல்லில் துப்பாக்கி, தூண்டில், நாய். அதே வளாகத்தில் இன்னொரு கல்லில் ஆதாமும் ஏவாளும் மரத்தடியில் நிற்கிறார்கள்.

எழுத்தறியாதவர்களுக்காகவே இந்தப் படங்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. பல கற்களில் எழுத்தும் சேர்ந்தே இருக்கிறது. ஊருக்கு ஊர் பள்ளி வேண்டும் என்று 1696இல் சட்டம் போட்ட நாடு அது. கிரீடம் வைத்த சுத்தியலில் தெரிவது சங்கத்துக்காரரின் மிடுக்கு. சாவு எல்லோருக்கும் பொது. சுத்தியல் எங்களுக்கு மட்டும் என்கிறது அந்தக் கல். பெண்களுக்குத் தனிக் கருவி கிடைப்பது அரிது. ஆனால் மனைவியின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் கல்லில் விடாமல் நிற்கிறது.

இந்தக் கற்களை முறையாக ஆராய்ந்தவர்களில் பெட்டி வில்ஷர் முக்கியமானவர். 1985இல் வந்த அவருடைய கையேட்டை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். பல கற்கள் மணற்பாறை. மழையிலும் உறைபனியிலும் செதில் செதிலாக உதிர்கின்றன. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும் பாசியைச் சுரண்டுவதும் கேடு. ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாலே போதும்; மங்கிய கத்தரிக்கோலும் நிழலோடு எழுந்து நிற்கும்.