பல்கலைக்கழகம் ஈன்ற பேரகராதி

விலைபோகும் என எண்ணி அச்சிடப்படும் நூல்கள் பல. விலைபோகாவிடினும் அறிவுலகுக்கு வேண்டும் என அச்சிடப்படுவன சில. பின்னையவற்றின் பொறுப்பைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களே ஏற்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இதற்குத் தக்க சான்றாகும்.

1913ஆம் ஆண்டில் சாந்தலர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இப்பணி தொடங்கியது. 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை அப்பொறுப்பினை ஏற்று நிறைவேற்றினார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. அநுபந்தம் அவற்றைத் தொடர்ந்தது. தொடக்கத்தில் மதிக்கப்பட்ட செலவு 1 இலட்சம் ரூபா. முடிவில் ஆனதோ 4 இலட்சத்துக்கும் மேல்.

இத்துணைக் காலமும் பொருளும் செலவானது ஏன்? ஒரு சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் கூறினால் மட்டும் போதாது. இலக்கியத்தில் அது பயின்ற இடத்தையும் தேடிக் காட்டல் வேண்டும். இவ்வாறு 1 இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் ஆராயப்பட்டன. இலாபம் கருதும் பதிப்பாளர் எவரும் இச்சுமையைத் தாங்கார்.

ஈழநாட்டுக்கும் இதிற் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் மிசனரிமாரும் தமிழறிஞரும் திரட்டிய சொற்களைத் துணைக்கொண்டே வின்சுலோ அகராதி 1862இல் வெளிவந்தது. அதன் செல்வம் பேரகராதியினுட் சேர்ந்தது. யாழ்ப்பாண வழக்குச் சொற்களுக்கு அதிலே தனிக் குறியீடும் உண்டு. வீட்டிலும் வயலிலும் வழங்கிய பேச்சு, புலவர் சொல்லோடு ஒரே ஏட்டில் இடம்பெற்றது.

மொழியோ ஓரிடத்தில் நிற்பதன்று. அம்முதற் பதிப்பின் பின் தோன்றிய சொற்கள் அதில் இல்லை. அவற்றையும் அதே பொறுமையோடு தொகுக்க ஒவ்வொரு தலைமுறையும் கடமைப்பட்டுள்ளது. வரவு செலவுக் கணக்கை மட்டும் நோக்கின் அக்கடமை நிறைவேறாது.