உபாத்தியாயரும் மகாநாடும்

வேலப்பன்சாவடியில் பியானோவும் கீபோர்டும் கற்பிக்கும் உபாத்தியாயர்களை மகாநாட்டுக்குச் செல்லத் தூண்டினால், ‘பாடம் தடைப்படும், சம்பளம் குறையும்’ என்று விடை வருவது இயல்பே. அந்தக் கஷ்டத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், தனி அறையில் உபாத்தியாயர் செய்யும் பிழை அவரோடு நிற்பதில்லை. அவரிடம் பயிலும் பிள்ளைகள் அனைவரின் விரலிலும் ஏறிவிடுகிறது. அதைத் திருத்த வல்லவர் மாணவரல்லர். அதே தொழில் செய்வோரே.

நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். 1912-ல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி மகாநாடுகள் கூட்டிய ஆபிரகாம் பண்டிதர், சுருதிகள் 22 அல்ல, 24 என்னும் தம் கொள்கையை 1916-ல் பரோடா மகாநாட்டில் வித்வான்கள் முன் வைத்தார். எல்லோரும் ஏற்றார்களில்லை. ஆயினும் சபையின் சோதனைக்கு அவர் அஞ்சவில்லை. 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸையொட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாகவே 1928-ல் மியூசிக் அகாடமி தோன்றிற்று. தேச விடுதலையை நாடியோர் கலையை மறந்தாரல்லர்!

இன்றும் மார்கழியில் அகாடமியின் காலைச் சபைகளில் ராக லட்சணம் முதலியன விவாதிக்கப்படுகின்றன. ஸ்வரங்கள் அசையாது நிற்கும் பியானோவில் கமகத்தை எங்ஙனம் உணர்த்துவது? இது ஒருவர் தனித்திருந்து தீர்க்கும் கேள்வியன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஏறினால் சபை எட்டும் தூரமே.

பெற்றோர்களே! உபாத்தியாயர் மகாநாட்டுக்குச் செல்லும் சில நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். அவர் கேட்டு வருவது உங்கள் குழந்தைகளுக்கே வந்து சேரும்.