காட்சியோடு முடிவதில்லை அருங்காட்சியகத்தின் கடமை

பல்கலைக்கழகத்துக்கு எதற்காக ஓர் அருங்காட்சியகம்? இக்கேள்விக்கு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1683-லேயே விடையளித்தது. ஜான் டிரேடெஸ்கண்ட் என்ற ஒரே பெயரைக் கொண்ட தந்தையும் மகனும் திரட்டிய அரும்பொருள்கள் எலியாஸ் ஆஷ்மோலின் கைக்கு வந்தன. தனிக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்ற நிபந்தனையுடன் அவர் அவற்றைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அவ்வாறு உருவான ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில் அரும்பொருள்கள் இருந்தன. நடுத்தளத்தில் விரிவுரைகள் நடந்தன. அடித்தளத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் இயங்கியது. பார்த்தல், கற்றல், ஆராய்தல் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தன. கட்டணம் செலுத்திய எவரும் உள்ளே செல்லலாம். நாட்டுப்புற மக்களையும் பெண்களையும்கூட அனுமதிக்கிறார்களே என்று 1710-இல் அங்கு வந்த ஜெர்மானிய அறிஞர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அவர் குறையாகக் கண்டதையே அந்நிறுவனத்தின் பெருமையாக நான் கருதுகிறேன்.

1845-இல் கட்டி முடிக்கப்பட்ட இன்றைய கட்டடம், 2009-இல் பெரும் புதுப்பிப்புக்குப் பின் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய முகப்பு அப்படியே நிற்க, அதன் பின்னால் ரிக் மேத்தரின் வடிவமைப்பில் 39 புதிய காட்சிக்கூடங்கள் எழுந்தன. ஏறத்தாழ 6.1 கோடி பவுண்டு செலவான இப்பணியால் காட்சிப்பரப்பு இருமடங்கானது.

அதைவிட முக்கியமானது, பொருள்களை அடுக்கிய முறையில் நேர்ந்த மாற்றம். முன்பு ஒவ்வொரு துறையும் தன் பொருள்களைத் தனித்தனியே வைத்திருந்தது. இப்போது நாணயம், நெசவு, எழுத்து எனப் பொதுவான இழைகளால் பண்பாடுகள் கோக்கப்பட்டுள்ளன. எந்த நாகரிகமும் தனித்து வளரவில்லை என்பதைப் பார்வையாளர் நடந்தபடியே உணர்கிறார்.

நுழைவு இன்று இலவசம். மைக்கேலேஞ்சலோ, ரபேல் ஆகியோரின் கோட்டோவியங்களை, முன்பதிவு செய்யும் எவரும் ஆய்வறையில் அமர்ந்து அருகிலிருந்து காணலாம். மருத்துவ மாணவர்களும் ஓவியங்களின் முன் நின்று கூர்ந்து நோக்கும் பயிற்சி பெறுகிறார்கள்.

1957-ஆம் ஆண்டின் ஒளிப்படம்

ஒரு பொருள் எவ்வழியில் வந்தது என்று தன்னையே கேட்டுக்கொள்வதும் இந்தக் கல்வியின் ஒரு பகுதியே. வாளும் கேடயமும் ஏந்திய திருமங்கை ஆழ்வாரின் 16-ஆம் நூற்றாண்டு வெண்கலத் திருமேனி ஒன்றை ஆஷ்மோலியன் 1967-இல் லண்டன் ஏல நிறுவனம் ஒன்றின் வழியே வாங்கியது. அதே திருமேனி 1957-இல் கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பு காட்டியது. ஆய்வாளர் ஒருவர் 2019-இல் இதைச் சுட்டிக்காட்டியதும், அருங்காட்சியகமே லண்டனிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவித்தது. திருமேனியைத் திருப்பித் தரவேண்டும் என்ற இந்தியாவின் கோரிக்கையைப் பல்கலைக்கழகப் பேரவை 2024 மார்ச்சில் ஆதரித்தது.

இதில் இருவருக்கும் பாடம் உண்டு. பத்தாண்டு இடைவெளியில் ஒரு தெய்வத் திருமேனி கடல் கடந்தது எப்படி என்ற கேள்வியை, வாங்கிய நாளிலேயே கேட்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள். நம் பக்கத்திலோ, உரிமைக்குச் சான்றாக நின்றது ஓர் ஒளிப்படம்தான். அன்று அதை எவரும் எடுக்காமல் போயிருந்தால், நம்முடையது என்று நாம் எதைக் கொண்டு நிறுவியிருப்போம்?

ஊர்தோறும் கோயில்களில் ஆயிரக்கணக்கான திருமேனிகள் நம்மிடம் உள்ளன. அவற்றை அளந்து, படமெடுத்து, முறையாகப் பட்டியலிடும் பணியில் நம் பல்கலைக்கழகங்களின் வரலாறு, தொல்லியல் மாணவர்களை ஈடுபடுத்தலாம். இதற்கு மாளிகை போன்ற கட்டடம் தேவையில்லை. ஒளிப்படக் கருவியும் குறிப்பேடும் பொறுமையும் போதும். களவு போன பிறகு தேடுவதைவிட, இருக்கும்போதே பதிந்துவைப்பது எளிது, செலவும் குறைவு.